நான்கு எறிகளும் ஒரு நோன்பு மாதமும்

நோன்பு விடுமுறைக்கு முந்திய வாரத்தில் அயல் பாடசாலை ஒன்றுடன் எங்கள் வலைப்பந்து அணி சிநேகபூர்வப் போட்டியொன்றில் ஆடியது. நான் கோல் ஷூட்டர். கடைசி ஐந்து நிமிடத்துக்குள் மூன்று முறை பந்து என் கைக்கு வந்தது. மூன்று முறையும் வளையத்தில் பட்டு வெளியே விழுந்தது. ஒரே ஒரு கோலால் தோற்றோம். யாரும் என்னை ஏசவில்லை. அதுதான் எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

விடுமுறை முடிந்த கையோடு வலய மட்டப் போட்டி. ஆகவே வாரத்தில் மூன்று நாட்கள் அஸருக்குப் பிறகு, வெயில் தணிந்ததும் பயிற்சி என்று டீச்சர் அறிவித்தார். "நோன்போடு இயலாத பிள்ளைகள் வீட்டில் இருங்கள். அதில் ஒரு குறையும் இல்லை" என்றும் சொன்னார். அந்த ஒரு வசனத்தை நான் இறுகப் பிடித்துக்கொண்டேன். "நோன்பு கடுமையாக இருக்கிறது, வரமாட்டேன்" என்று முதல் நாளே தோழியிடம் சொல்லியனுப்பினேன்.

உண்மையில் நோன்பு எனக்குக் கடுமையாக இருக்கவில்லை. அந்த வளையத்தைத் திரும்பவும் நிமிர்ந்து பார்ப்பதுதான் கடுமையாக இருந்தது.

என் நானா கூடைப்பந்துப் பைத்தியம். நாங்கள் பிறப்பதற்கு முன்னர் நடந்த ஆட்டங்களைக்கூடத் தேடிப் பார்ப்பார். ஒரு நாள் பின்னேரம், உம்மா கஞ்சிக்கு அரிசி கழுவிக்கொண்டிருந்த நேரம், பொழுது போகாமல் நானும் அவர் பக்கத்தில் போய் அமர்ந்தேன். திரையில் மிக உயரமான ஒருவர் கூடைக்கு முதுகைக் காட்டி நின்றார். ஒரு தோளை அசைத்தார். மறித்து நின்றவர் அந்தப் பக்கம் சாய்ந்தார். இவரோ மறுபக்கம் திரும்பிப் பந்தைக் கூடைக்குள் போட்டுவிட்டார்.

"இவர்தான் ஹக்கீம் ஒலாஜுவான். நைஜீரியாவில் லாகோஸ் நகரத்துக்காரர்" என்றார் நானா. சிறுவயதில் கால்பந்தில் கோல் காப்பாளராகவும் கைப்பந்து வீரராகவும் இருந்தவர், பதின்ம வயதில்தான் கூடைப்பந்தைத் தொட்டார். அமெரிக்காவின் என்.பி.ஏ. லீக்கில் ஹூஸ்டன் ரொக்கட்ஸ் அணிக்கு ஆடினார். நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தது 1994-95 பருவகாலத்து ஆட்டம்.

"இவர் முஸ்லிமா?"

"ஓம். நோன்பும் விடமாட்டார். அந்த வருஷம் அங்க பெப்ரவரி முதலாந் திகதி நோன்பு தொடங்கிச்சு. அந்த மாசம் முழு லீக்குக்கும் சிறந்த வீரராத் தெரிவானது யார் தெரியுமா?"

நானா திரையைக் காட்டினார். நான் ஒன்றும் பேசவில்லை.

பிறகு நான் தனியாக இருந்து யோசித்தேன். என்.பி.ஏ. ஆட்டங்கள் பெரும்பாலும் இரவில்தான் நடக்கும். அவற்றில் ஆடும்போது ஹக்கீம் நோன்பு திறந்திருப்பார். ஆனால் பகல் பயிற்சிகள் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல் ஆட்டங்கள் இருக்கின்றன. ஒரு பருவகாலத்துக்கு 82 ஆட்டங்கள். ஊர் ஊராக விமானப் பயணம். இத்தனைக்கும் நடுவில் சஹருக்கு எழும்ப வேண்டும், பகலில் ஒரு மிடறு தண்ணீரும் இல்லாமல் பயிற்சி செய்ய வேண்டும். அவரோ நோன்பைக் காரணம் காட்டி விலகி இருக்கவில்லை.

அந்த மாதம் அவருடைய அணிக்கும் இலகுவான மாதமாக இருக்கவில்லை. 1994இல் சம்பியனான அணி அது. ஆனால் அடுத்த பருவகாலத்தில் தடுமாறத் தொடங்கியது. பெப்ரவரி 14ஆம் திகதி, அதாவது நோன்பின் நடுப்பகுதியில், ஓடிஸ் தோர்ப் என்ற வீரரைக் கொடுத்து கிளைட் ட்ரெக்ஸ்லரைப் பெற்றுக்கொண்டார்கள். ட்ரெக்ஸ்லர் ஹக்கீமோடு ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஒன்றாக விளையாடியவர். அப்படியும் அணி உடனே சீராகவில்லை. நோன்பு முடிந்து சில வாரங்களில் ஹக்கீம் இரத்தச்சோகையால் சில ஆட்டங்களில் விளையாடாமல் இருந்தார். இதை நானா சொன்னபோது எனக்கு உள்ளுக்குள் உறைத்தது. உடம்புக்கு இயலாதபோது அவரும் ஓய்வெடுத்திருக்கிறார். அது தவறே இல்லை. இயலுமாக இருந்தும் இயலாது என்று சொல்லியனுப்பிய நான்தான் யோசிக்க வேண்டியிருந்தது.

47 வெற்றி, 35 தோல்வி என்ற கணக்கோடு, மேற்குப் பிரிவில் ஆறாம் இடத்தில் நின்றுதான் ரொக்கட்ஸ் இறுதிச் சுற்றுகளுக்குள் நுழைந்தது. முதலில் 60 ஆட்டங்களை வென்றிருந்த யூட்டா அணியிடம் 1-2 எனப் பின்தங்கி, பின் 3-2 என வென்றார்கள். அடுத்து பீனிக்ஸ் அணியிடம் 1-3 எனப் பின்தங்கினார்கள். இன்னும் ஒரு தோல்வி போதும், வீட்டுக்குப் போக வேண்டியதுதான். தொடர்ந்து மூன்று ஆட்டங்களையும் வென்றார்கள். அதில் கடைசி ஆட்டத்தின் முடிவு 115-114.

மூன்றாவதாக சான் அன்ரோனியோ அணி. அந்தப் பருவகாலத்தின் மிகப் பெறுமதி வாய்ந்த வீரர் என்ற விருது அந்த அணியின் டேவிட் ரொபின்சனுக்குத்தான் கிடைத்திருந்தது. அத்தொடரின் இரண்டாவது ஆட்டத்துக்கு முன்னர் அரங்கத்தில் வைத்தே விருதை ரொபின்சனின் கையில் கொடுத்தார்கள். ஹக்கீம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். அன்று அவர் எடுத்த புள்ளிகள் 41. அந்தத் தொடரையும் ஹூஸ்டன் 4-2 என வென்றது.

இறுதித் தொடர் ஒர்லாண்டோ அணியோடு. அதன் முதலாவது ஆட்டத்தைத்தான் நான் திரும்பத் திரும்பப் பார்த்தேன். காரணம் ஹக்கீம் அல்ல. ஒர்லாண்டோவின் நிக் அண்டர்சன்.

ஆட்டம் முடியச் சில செக்கன்களே இருந்தன. ஒர்லாண்டோ 110-107 என முன்னிலையில் நின்றது. எதிரணி செய்த தவறுக்காக அண்டர்சனுக்கு இரண்டு 'பிரீ த்ரோ' கிடைத்தது. மறிக்க ஆளில்லை. கோட்டில் நின்று கூடையைப் பார்த்து எறிய வேண்டியதுதான். ஒன்று விழுந்தாலே வெற்றி ஏறக்குறைய உறுதி. முதலாவது விழவில்லை. இரண்டாவதும் விழவில்லை. திரும்பி வந்த பந்தை அவரே பாய்ந்து எடுத்தார். மீண்டும் எதிரணியின் தவறு. மீண்டும் இரண்டு எறிகள். அவையும் விழவில்லை. சொந்த ஊர் இரசிகர்களின் கண்முன்னே நான்கும் தவறின. உடனே ஹூஸ்டனின் கெனி ஸ்மித் தூரத்திலிருந்து எறிந்து மூன்று புள்ளிகளை எடுத்துச் சமப்படுத்தினார். மேலதிக நேரத்தின் கடைசிக் கணத்தில் வளையத்தை விட்டு விலகிய பந்தை ஹக்கீம் தட்டி உள்ளே போட்டார். 120-118. அதன் பிறகு ஒர்லாண்டோவால் ஓர் ஆட்டத்தைக்கூட வெல்ல முடியவில்லை. 4-0 எனத் தொடரை வென்று ஹூஸ்டன் மீண்டும் சம்பியனானது. ஆறாம் இடத்திலிருந்து வந்து அந்தக் கிண்ணத்தை வென்ற அணி அதற்கு முன்னர் இருந்ததில்லை.

அந்த நான்காவது எறி தவறியபோது அண்டர்சனின் முகத்தைப் பார்த்தேன். அந்த முகம் எனக்குப் பழக்கமான முகம். விடுமுறைக்கு முந்திய வாரம் நானும் அதே முகத்தோடுதான் பாடசாலையிலிருந்து வீட்டுக்கு நடந்து வந்தேன்.

"அதுக்குப் பிறகு இவர் என்ன செஞ்சார்?" என்று நானாவிடம் கேட்டேன்.

"என்ன செய்ய? ரெண்டு நாள் கழிச்சு அடுத்த மெச். வந்து விளையாடினார்."

நானா அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். நான் பயிற்சிக்குப் போகாத காரணம் அவருக்குத் தெரியாது. ஆனால் அன்றிரவு தறாவீஹ் தொழுதுவிட்டுப் படுத்தபோது அந்த வார்த்தைகள் என்னைத் தூங்க விடவில்லை. அண்டர்சனுக்கு அந்த நான்கு எறிகளின் பாரம் இலேசில் இறங்கவில்லை. பின்வந்த ஆண்டுகளில் அவருடைய பிரீ த்ரோ மிகவும் மோசமாகிப் போனது. என்றாலும் அவர் களத்துக்கு வருவதை நிறுத்தவில்லை. நானோ மூன்று எறிகளுக்காக ஒளிந்துகொண்டேன். ஒளிந்துகொள்ள நான் தெரிந்தெடுத்த இடம்தான் என்னை அதிகமாகச் சுட்டது. பொய்யை விடுவதற்காகப் பிடிக்கும் நோன்பையே ஒரு பொய்க்குத் திரையாகத் தொங்கவிட்டிருந்தேன். பசியும் தாகமும் மட்டும் என்னிடம் மிஞ்சியிருந்தன.

அடுத்த பயிற்சிக்குப் போனேன். டீச்சரிடம் தனியாகச் சொன்னேன்: "டீச்சர், நோன்பால நான் வராம இருக்கல்ல. பயத்தால."

டீச்சர் என்னைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு பந்தைத் தந்து, "பத்துத் தரம் எறியுங்க. அவசரப்பட வேண்டாம்" என்றார்.

வலைப்பந்துக் கம்பத்தில் கூடைப்பந்துக்கு உள்ளதுபோல் பின்பலகை இல்லை. பந்தைப் பிடித்த மூன்று செக்கனுக்குள் எறிந்தாக வேண்டும். அன்று பத்தில் நான்குதான் விழுந்தன. ஆறு தவறின. தவறிய ஆறையும் நானே ஓடிப்போய்ப் பொறுக்கி வந்தேன். நா வறண்டிருந்தது. ஆனால் பல நாட்களுக்குப் பிறகு அந்தத் தாகம் எனக்கு நேர்மையான தாகமாகத் தெரிந்தது.

வலய மட்டப் போட்டியில் அரையிறுதியில் தோற்றோம். இம்முறை என் கையால் பல கோல்கள் விழுந்தன. இரண்டு தவறின. ஹக்கீமின் அணிக்குக் கிடைத்தது போன்ற கிண்ணம் எங்களுக்குக் கிடைக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும், "எப்படிப் போச்சு?" என்று நானா கேட்டார்.

"தோத்திட்டோம். திங்கட்கிழமை திரும்பவும் பிரக்டிஸ்" என்றேன்.