போர் முடிந்த பிறகும் ஆறு அத்தியாயம்

கடைசிப் போர் உச்சத்தில் இருக்கும்போது, இன்னும் எவ்வளவு பக்கம் மிச்சம் என்று கட்டைவிரலால் தடவிப் பார்ப்பது என் பழக்கம். மிச்சம் மெல்லிசாக இருந்தால் அப்போதே வயிற்றைப் பிசையும். ஆயிரக்கணக்கான பக்கம் கூட நடந்தவர்களை வாசலிலேயே நிறுத்தி, "சரி, கிளம்புங்க" என்று சொல்லப்போகிறார்கள்.

'தி வீல் ஆஃப் டைம்' எனக்கு அப்படித்தான் முடிந்தது. ராபர்ட் ஜோர்டன் 1990-இல் தொடங்கிய தொடர். 2007-இல் அவர் இறந்துபோக, பிராண்டன் சாண்டர்சன் 2013-இல் முடித்துவைத்தார். மொத்தம் 14 புத்தகம். கடைசிப் புத்தகத்தில் போர் அத்தியாயம் ஒன்று மட்டுமே கிட்டத்தட்ட 200 பக்கம் ஓடும். போரெல்லாம் முடிந்ததும் ஒரு எபிலாக், அவ்வளவுதான். (ஸ்பாய்லர் வேண்டாதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள்.) நாயகன் ராண்ட் வேறொருவன் உடம்பில் பிழைத்து எழுந்து, குதிரையேறிப் போய்விடுகிறான். மகன் செத்துப்போனான் என்று நினைத்துக்கொண்டிருக்கும் அப்பாவிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கடைசிக் காட்சியை ஜோர்டன் சாகும் முன்பே எழுதிவைத்திருந்தார் என்பதால் குறைசொல்லவும் மனசு வரமாட்டேங்குது. ஆனாலும் அந்த அப்பாவை என்னால் விடமுடியவில்லை. அவர் அன்றைக்குச் சாயங்காலம் என்ன செய்திருப்பார்?

நான் கேட்பது சந்தோஷமான முடிவு இல்லை. நம்ம ஊரிலேயே இரண்டு பழக்கமும் உண்டு. கம்பர் முடிசூட்டுவிழாவோடு நிறுத்திக்கொண்டார். பழைய படங்களின் 'சுபம்' அட்டையும் அதே வகைதான். மகாபாரதம் நேரெதிர். 18 பருவத்தில் போரும் அந்த ராத்திரிப் படுகொலையும் பத்தாவதிலேயே முடிந்துவிடும். பிறகு எட்டுப் பருவம் இருக்கிறது. அதில் முதலாவது, பெண்கள் களத்துக்கு வந்து பிணங்களை அடையாளம் பார்க்கும் பருவம். எனக்குப் பிடித்தது இந்த இரண்டாவது வகை.

டோல்கினும் இந்த வகைதான். 1955-இல் வந்த 'தி ரிட்டர்ன் ஆஃப் த கிங்' நூலில் மோதிரம் எரிமலையில் விழுந்த பிறகு இன்னும் ஆறு அத்தியாயம் இருக்கிறது. 2003 படத்தைப் பார்த்தவர்கள் "எத்தனை தடவைடா முடிப்பீங்க" என்று சிரித்தார்கள். என் குறை வேறு. விடைபெறுவதெல்லாம் படத்தில் இருக்கிறது, வீட்டுக்கு வந்து பார்க்கிற அதிர்ச்சி இல்லை. ஷையர் என்ற அந்தச் சின்ன ஊருக்கு ஹாபிட்டுகள் திரும்பும்போது, புத்தகத்தில் ஊர் ஊராக இல்லை. மரங்களை வெட்டித் தள்ளியிருக்கிறார்கள், ரவுடிகள் ஆளுகிறார்கள். சண்டை போட்டுத்தான் ஊரை மீட்கவேண்டியிருக்கிறது. அதில் 19 ஹாபிட்டுகள் சாகிறார்கள். உலகத்தையே காப்பாற்றிவிட்டு வந்தவர்களுக்கு 19 ஒரு எண்ணிக்கையா? ஆனால் இந்த 19 பேர் தெரிந்த முகங்கள். படத்தில் இந்த அத்தியாயத்தையே எடுத்துவிட்டார்கள். இரண்டாம் பதிப்பின் முன்னுரையில் டோல்கின், இது ஆரம்பத்திலிருந்தே தான் யோசித்துவைத்திருந்த பகுதி என்கிறார். அவரே 1916-இல் சோம் போர்க்களத்திலிருந்து காய்ச்சலோடு திரும்பியவர். நெருங்கிய நண்பர்களில் ஒருவரைத் தவிர மற்றவர்களைப் போருக்குக் கொடுத்தவர்.

பிறகு சாம் மரம் நடுகிறான். வெட்டுப்பட்ட ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு கன்று. எங்கள் வேலையில் கோ-லைவ் ராத்திரியைத்தான் எல்லாரும் கதையாகச் சொல்வார்கள்: யார் தூங்கவில்லை, பிரியாணி எத்தனை மணிக்கு வந்தது என்று. அதற்கப்புறம் மூணு வாரம் உட்கார்ந்து டேட்டாவில் விழுந்த ஓட்டைகளை ஒவ்வொன்றாக அடைத்தவன் பேர் யாருக்கும் ஞாபகம் இருக்காது. டோல்கின் அவனுக்கும் பக்கம் ஒதுக்கினார்.

ஃப்ரோடோவுக்கு மட்டும் ஊர் சரியாகவில்லை. அவன் செய்தது என்னவென்று ஊரில் யாருக்கும் சரியாகத் தெரியாது, மரியாதையும் பெரிதாக இல்லை. அக்டோபர் 6 வந்தால், கத்திக்குத்து பட்ட அதே தேதியில், தோள் வலிக்கிறது. மார்ச் 13 வந்தால், சிலந்தி கடித்த அதே தேதியில், படுத்துவிடுகிறான். முதல் மார்ச்சில் சாம் ஊரில் இல்லை. அவன் திரும்புவதற்குள் ஃப்ரோடோ எழுந்துவிடுகிறான், ஒரு வார்த்தை சொல்லவில்லை.

காலேஜில் முதல்முறை படித்தபோது இதைத் தாண்டிப் போயிருந்தேன். 2021 மே மாதம் அப்பா கோவிட்டில் 17 நாள் ஆக்சிஜனில் இருந்துவிட்டு வீடு திரும்பினார். அம்மா ஆரத்தி எடுத்தாள். பக்கத்து வீட்டு அக்கா கேசரி கொண்டுவந்தார். சொந்தக்காரர்கள் எல்லோரும் போனில் "ஜெயிச்சுட்டு வந்துட்டாரு" என்றார்கள். அதே வார்டில் அடுத்தடுத்து இருந்த நாலு கட்டிலில் திரும்பிவந்தது அப்பா மட்டும்தான். அது போனில் பேசுகிற விஷயமாக இல்லை. அடுத்த மே மாதத்தில் அவருக்குத் தூக்கம் போனது. ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து, லைட் போடாமல், விரலில் ஆக்சிமீட்டரை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாராம். நான் பெங்களூரில் இருந்தேன். அம்மா சொன்னது ஜூன் மாதத்தில்.

"ஏன்ம்மா அப்பவே சொல்லல?"

"அவன்கிட்ட சொல்லாதன்னாருடா."

கேட்டால் "நல்லாத்தான்டா இருக்கேன்" என்பார். அதற்கடுத்த மே மாதமும் அப்படித்தான். 98 என்று காட்டும் கருவியை நம்பாமல் கழற்றித் திரும்ப மாட்டுவாராம். இப்போதெல்லாம் ஏப்ரல் கடைசியிலேயே லீவு சொல்லிவிட்டு ஊருக்கு வந்துவிடுகிறேன். அவரும் ஏன் வந்தாய் என்று கேட்பதில்லை.

அதனால்தான் அந்த ஆறு அத்தியாயத்தை நீளம் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது. மோதிரம் அழிந்து இரண்டரை வருஷம் கழித்து ஃப்ரோடோ கப்பல் ஏறுகிறான். அந்த இரண்டரை வருஷத்தை வாசகனுக்குக் காட்டாமல் ஏற்றிவிட்டிருந்தால் அது வெறும் அழகான காட்சியாகப் போயிருக்கும். பக்கத்திலேயே இருந்த சாமுக்கே பாதி தெரியாது என்பதையும் சேர்த்துக் காட்டியதால்தான், துறைமுகத்தில் சாம் நிற்கும் நிலை நமக்குத் தாங்கமுடியாமல் இருக்கிறது.

டோல்கின் இன்னொரு எபிலாக்கும் எழுதினார். முன்கூட்டிப் படித்தவர்களுக்குப் பிடிக்காததால் எடுத்துவிட்டார். அவர் மகன் கிறிஸ்டோபர் 1992-இல் அதை வெளியிட்டார். பல வருஷம் கழித்து, சாம் தன் பிள்ளைகளுக்குக் கதையை வாசித்துக்காட்டிவிட்டு அவர்கள் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறான். போரைப் பற்றி அவர்களுக்குப் பெரிய சந்தேகம் எதுவும் இல்லை. அந்தக் குள்ளன் என்ன ஆனான், கண்டால்ஃபின் குதிரையும் கப்பலில் ஏறிச்சா, இப்படித்தான் கேட்கிறார்கள். சாமும் அலுத்துக்கொள்ளாமல், தெரிந்ததற்குத் தெரிந்தவரை பதில் சொல்லிக்கொண்டிருக்கிறான்.