பேசாத அறிவித்தல்



உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு வந்த வீடு எப்படியிருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. சந்தோஷம் ஒரு நாள்தான். மறுநாளிலிருந்து விண்ணப்பம், கடைசித் திகதி, உளச்சார்புப் பரீட்சை என்று ஓட்டம் தொடங்கிவிடும். முன்பெல்லாம் பத்திரிகையில் பார்த்து, தபாலில் அனுப்பி வேலையை முடித்தோம். இன்று எல்லாமே இணையத்தளத்தில்தான். கண் தெரிந்த பிள்ளைகளுக்கே தலை சுற்றுகிறது. கண் தெரியாத பிள்ளை என்ன செய்யும் என்பதை என் நானாவின் மகளிடமிருந்துதான் நான் அறிந்துகொண்டேன்.

விழித்திரை நோயால் அவளுக்குப் பன்னிரண்டு வயதிலேயே பார்வை போய்விட்டது. ஆனாலும் படிப்பை விடவில்லை. தான் சொல்லச் சொல்ல வேறொருவர் எழுதும் ஏற்பாட்டில் கலைப்பிரிவில் உயர்தரம் எழுதி, நல்ல பெறுபேறும் எடுத்தாள். அவளுடைய கம்பியூட்டரில் என்.வி.டி.ஏ. என்றொரு மென்பொருள் இருக்கிறது. திரையில் உள்ள எழுத்தைக் குரலாக மாற்றி வாசித்துக் காட்டும். 2006இல் மைக்கேல் கரன் என்ற அவுஸ்திரேலியர் தொடங்கியது, பிறகு ஜேம்ஸ் டே என்ற இன்னோர் அவுஸ்திரேலியரும் அவரோடு சேர்ந்துகொண்டார், இருவருமே பார்வையற்றவர்கள். தங்களைப் போன்றவர்களுக்கு அதை இலவசமாகவே கொடுக்கிறார்கள். அந்தக் குரல் போகிற வேகத்தில் எனக்குக் குளவிக் கூட்டின் இரைச்சல் போலத்தான் கேட்கும். அவளுக்கோ ஒவ்வொரு சொல்லும் விளங்கும். எங்கள் வட்டவளையில் வருடத்துக்கு 5000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிறது. தகரக் கூரையில் அது கொட்டும்போது குரல் கேட்காது. காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள்.

ஒரு பல்கலைக்கழகத்தின் இணையத்தளத்தில் உளச்சார்புப் பரீட்சை அறிவித்தல் வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டு, ஒரு நாள் லுஹருக்குப் பிறகு அதைத் திறந்தாள். குரல் வரவில்லை.

"மாமி, இதுல ஒண்டுமே இல்ல எண்டு சொல்லுது."

"இல்லியே மகள், பெரிய கடிதம் ஒண்டு இருக்கே. கையெழுத்து வச்சி, சீலும் அடிச்சி இருக்கு."

"அப்ப அது படம் மாமி. எழுத்து இல்ல."

விஷயம் இதுதான். அலுவலகத்தில் ஒருவர் கடிதத்தைக் கம்பியூட்டரில் தட்டச்சு செய்கிறார். அந்த நிமிடத்தில் அது எழுத்து, என்.வி.டி.ஏ. அதை அழகாக வாசிக்கும். பிறகு அதை அச்செடுத்து, பெரியவர் கையொப்பமிட்டு, முத்திரை குத்தி, ஸ்கேன் செய்து இணையத்தளத்தில் போடுகிறார்கள். அப்போது அது வெறும் புகைப்படம். பேசிக்கொண்டிருந்ததை ஊமையாக்கிவிட்டு, ஊமையை வெளியிடுகிறார்கள்! முதல் பிரதி அதே கம்பியூட்டரில்தான் சும்மா கிடக்கிறது.

படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் வசதி ஃபோனில் உண்டு. அதையும் செய்து பார்த்தாள். வசனங்கள் ஓரளவு வந்தன. அட்டவணை மட்டும் குழம்பிவிட்டது. ஒரு பாடத்தின் திகதி இன்னொரு பாடத்தோடு போய் ஒட்டிக்கொண்டது. திகதி பிழைத்தால் ஒரு வருடமல்லவா போய்விடும்?

அந்தத் தளத்தின் தமிழ்ப் பக்கத்தில் வேறொரு கூத்து. தமிழ் எழுத்துத்தான், என் கண்ணுக்கு நன்றாகவே தெரிந்தது. குரலோ ஆங்கில எழுத்துகளாக உளறியது. நம் நாட்டில் பல காலம் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்து பழகிவிட்டார்கள். அது ஆங்கில எழுத்துகளுக்கு மேல் தமிழ் உருவத்தைப் போர்த்திய எழுத்துரு. 'தமிழ்' என்று நாம் பார்ப்பதன் உள்ளே இருப்பது ஜே, கே, பீ, ஓ, ஓர் அரைப்புள்ளி. கண் போர்வையைப் பார்க்கிறது, குரலோ உள்ளே இருப்பதை வாசிக்கிறது. தமிழுக்குச் சொந்த இடம் கொடுத்த யுனிகோட் 1991இலேயே வந்துவிட்டது. அதில் தட்டச்சு செய்தால் இந்தத் தொல்லை இல்லை. அந்தத் தளத்தின் ஆங்கிலப் பக்கம் ஒழுங்காகப் பேசியது என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் எங்கள் பிள்ளை படித்தது தமிழில்.

"நான் வாசிச்சித் தாறேனே, ஏன் கவலைப்படுற?" என்றேன்.

"வாசிக்க ஆள் இல்லாம இல்ல மாமி. என்ட பாஸ்வேர்ட் இந்த வீட்டுல ஆறு பேருக்குத் தெரியும். என்ட மார்க்ஸ், டொக்டர் குடுத்த சர்டிபிகேட், எல்லாம் எனக்கு முந்தி மத்தவங்கதான் பாக்குறாங்க."

பத்தொன்பது வயதுப் பெண்பிள்ளை. அவள் சொன்னது எனக்குச் சுருக்கென்றது. உதவி செய்ய ஆள் இருப்பது வேறு, ஆள் இல்லாமல் முடியாது என்பது வேறு அல்லவா?

நம் நாட்டில் சட்டம் இல்லாமல் இல்லை. கல்வி நிறுவனத்தில் அனுமதிக்கும்போது வலதுகுறையைக் காரணம் காட்டிப் பாகுபாடு செய்யக்கூடாது என்று 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் சொன்னது. வலதுகுறைந்தோர் உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயத்தை 2016இல் இலங்கை ஏற்று உறுதிப்படுத்தியது. அதன் 9ஆம் உறுப்புரையில் இணையத்தின் பெயரே இருக்கிறது. பார்வையற்ற மாணவர்களுக்குப் பல்கலைக்கழக அனுமதியில் விசேட ஏற்பாடும் உண்டு. ஆசனத்தை ஒதுக்கி வைத்தாயிற்று. அதற்கு வழி சொல்லும் அறிவித்தல்தான் பேசவில்லை.

பணக்கார நாடுகளிலும் இது தானாக வந்துவிடவில்லை. 2010இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு எதிராக அந்நாட்டுப் பார்வையற்றோர் சம்மேளனம் முறையிட்டது. நூலகப் பட்டியலையும் துறைகளின் இணையத்தளங்களையும் பாடம் நடத்தும் மென்பொருளையும் பார்வையற்றவர்களால் பயன்படுத்த முடியவில்லை என்பதே முறைப்பாடு. மறு வருடம் இவற்றைத் திருத்துவதாகப் பல்கலைக்கழகம் உடன்பட்டது. காது கேளாதோர் சங்கமோ, விரிவுரை வீடியோக்களில் எழுத்து ஓடவில்லை என்று 2015இல் ஹார்வர்ட் மீதும் எம்.ஐ.டி. மீதும் வழக்கே போட்டது.

எங்கள் பிள்ளை வழக்குப் போடவில்லை. அந்த அலுவலகத்துக்கு மின்னஞ்சலில் ஒரு கடிதம் எழுதினாள். கோபமில்லாத கடிதம். கையொப்பமிட்ட பிரதியை எடுக்கச் சொல்லவில்லை. தட்டச்சு செய்த பிரதியையும் பக்கத்தில் போடுங்கள் என்றுதான் கேட்டாள். இரண்டு நாளில் மரியாதையான பதிலோடு தட்டச்சுப் பிரதி வந்தது. அட்டவணையும் சரியாகப் பேசியது. நானா அவளைக் கூட்டிக்கொண்டு பரீட்சைக்குப் போய் வந்தார்.

அடுத்த அறிவித்தல் மறுபடியும் ஸ்கேன்தான். இவளும் மறுபடி எழுதினாள். மூன்றாவதில் இரண்டு பிரதிகளும் இருந்தன.

இதற்கிடையில் வீட்டிலும் அவள் எங்களை விடவில்லை. மதரஸா ஆண்டு விழா அழைப்பிதழை நான் பாமினியில் அடிக்கக் கொடுத்திருந்தேன். அதை யுனிகோடில் மாற்றச் சொல்லி, முழுவதையும் தானே கேட்டுப் பார்த்து, இரண்டு எழுத்துப் பிழைகளையும் பிடித்துக் கொடுத்தாள்.

பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பக்கம் இன்னும் ஜே, கே, பீ என்றுதான் வாசிக்கிறது. அதற்கான கடிதத்தை இந்த வாரம் எழுதிக்கொண்டிருக்கிறாள். இந்த முறை சிங்களத்திலும் ஒரு பிரதி அனுப்பப் போகிறாளாம்.