குளித்தீர்களா என்று கேட்ட மனைவி

ஸ்காட்லாந்தின் பெர்த் நகரத்து ஜாய் மில்னுக்கும் அவர் கணவர் லெஸ்ஸுக்கும் வந்த அந்தச் சச்சரவு எந்த வீட்டிலும் வரக்கூடியதுதான். கணவர் மேல் ஒரு மாதிரி எண்ணெய்ப் பிசுக்கு வாடை அடிக்கிறது, சரியாகக் குளிப்பதில்லை என்று மனைவி சொல்வார். குளித்துவிட்டுத்தானே வருகிறேன் என்று கணவர் எரிந்து விழுவார். பள்ளி வயதிலேயே பழகிக் கல்யாணம் செய்துகொண்டவர்கள். கணவர் மயக்க மருந்து டாக்டர், மனைவி நர்ஸ். லெஸ்ஸுக்கு அப்போது முப்பதைச் சற்றே தாண்டிய வயது. வாடை போகவில்லை. அதைப் பற்றிய பேச்சைத்தான் நிறுத்த வேண்டியிருந்தது.

பார்க்கின்சன் நோய் என்று தெரியவந்தபோது லெஸ்ஸுக்கு 45. இடைப்பட்ட காலத்தில் ஆள் கொஞ்சம் கொஞ்சமாக மாறியிருந்தார். பொறுமை போயிற்று, முகம் கொடுத்துப் பேசுவது குறைந்தது. ஒரு ராத்திரி தூக்கத்திலேயே கத்திக்கொண்டு மனைவியைத் தாக்கினார். மூளையில் கட்டியாக இருக்குமோ என்று பயந்துதான் ஜாய் அவரை டாக்டரிடம் போகவைத்தார். அதுவரை போட்ட சண்டைகளில் எத்தனை கணவரோடு, எத்தனை நோயோடு என்று இனி யார் கணக்குப் பார்ப்பது?

இந்த நோயை 1817இல் முதன்முதலாக விரிவாக எழுதிய லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் விவரித்தது ஆறு பேரை. அவர்களில் சிலரை அவர் தெருவில் பார்த்ததோடு சரி. நடுக்கம், கூனல், தடுமாறும் நடை எல்லாவற்றையும் துல்லியமாகக் குறித்தவர், புலன்களுக்கும் அறிவுக்கும் பழுதில்லை என்றும் எழுதிவைத்தார். தெருவில் பார்த்தவருக்கு வீட்டுக்குள் நடப்பது எப்படித் தெரியும்? நடுக்கம் வருவதற்குப் பல வருஷம் முன்பே மோப்பம் மங்கலாம், மனச்சோர்வு வரலாம். சாதாரணமாகக் கனவு காணும்போது கைகால் அசையாதபடி உடம்பு பூட்டிக்கொள்ளும். இந்த நோயில் அந்தப் பூட்டு கழன்றுவிட்டால் கனவில் விடும் உதை பக்கத்தில் படுத்திருப்பவர் மேல் விழும். படுக்கையைப் பிரித்துப் போட்டுக்கொண்ட தம்பதிகள் எத்தனையோ பேர். காரணம் தெரியாமல் பிரிப்பதும் தெரிந்து பிரிப்பதும் ஒன்றில்லை.

அதைவிடப் பொல்லாதது முகம். மூளையில் டோபமின் என்ற வேதிப்பொருள் குறையக் குறைய முகத்தசைகள் இறுகிவிடுகின்றன. ஒரு வீட்டில் மகளுக்கு வேலை கிடைத்த செய்தியை மனைவி ஓடிவந்து சொல்கிறார். கணவருக்கு உள்ளே சந்தோஷம்தான். ஆனால் கண் விரியவில்லை, உதடு அசையவில்லை. ‘இவருக்கு எதிலும் பிடிப்பில்லை’ என்று மனைவி முடிவு கட்டுகிறார். கூடவே குரலும் தேய்கிறது. தான் வழக்கம்போலத்தான் பேசுகிறோம் என்று அவர் நினைப்பு. மூன்றாவது தடவை ‘என்ன?’ என்று கேட்டால், ‘உனக்குக் காது மந்தம், போய்க் காட்டு’ என்கிறார். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. சண்டை மட்டும் நிஜம்.

அமெரிக்காவில் லீ சில்வர்மன் என்ற பெண்மணிக்கு இந்த நோய் வந்தபோது, அவர் பேசுவது காதில் விழுந்து புரிந்தால் போதும் என்றுதான் குடும்பத்தார் ஆசைப்பட்டார்கள். அதிலிருந்து 1987இல் பிறந்த பேச்சுப் பயிற்சி அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. வாரத்துக்கு நான்கு நாள், நான்கு வாரம். பயிற்சியின் சாரம் ஒன்றுதான்: உரக்கப் பேசுங்கள்.

மாத்திரைக்கும் சண்டைக்கும் நேரப் பொருத்தம் உண்டு. இந்த நோய்க்குத் தரும் லெவோடோபா மாத்திரை வேலை செய்யும் நேரத்தை ‘ஆன்’ என்கிறார்கள், வேகம் வடியும் நேரத்தை ‘ஆஃப்’. ஆஃபில் கைகால் மட்டுமா கட்டிப்போகிறது? பதற்றமும் பயமும்கூட ஏறலாம். சட்டைப் பொத்தானோடு பத்து நிமிஷமாக மல்லாடிக்கொண்டிருப்பவரிடம் போய் வங்கிக் கடனைப் பற்றிப் பேசினால் என்ன ஆகும்? அடுத்த மாத்திரை போட்டு, அது பிடித்த பிறகு பேசினால் அதே மனிதர் நிதானமாகக் கணக்குச் சொல்லக்கூடும்.

வேறு வகை மருந்துகளும் இருக்கின்றன. பிராமிபெக்ஸோல், ரோபினிரோல் போன்றவை. இவை சிலருக்குச் சூதாட்ட வெறியையோ, கண்டதையும் வாங்கிக் குவிக்கும் பழக்கத்தையோ, அடங்காத காமத்தையோ கிளப்பிவிடும். மானத்துக்குப் பயந்து கணவர் மறைப்பார், மனைவி நடத்தையைச் சந்தேகிப்பார். டாக்டரிடம் வாய் திறந்து சொன்னால் மருந்தைப் படிப்படியாகக் குறைத்துச் சமாளிக்க வழியுண்டு. தானாகச் சட்டென்று நிறுத்துவது மட்டும் கூடாது.

மறைப்பதே தனிச் சுமை. நடிகர் மைக்கேல் ஜே. ஃபாக்ஸுக்கு 1991இல், 29 வயதில், கல்யாணமாகி மூன்றே வருஷத்தில் நோய் தெரிந்தது. உலகத்துக்குச் சொன்னது 1998இல். ஆரம்பத்தில் குடியில் போய் ஒளிந்ததை அவரே பின்னாளில் எழுதினார். மனைவி ட்ரேசி போலன் இன்னும் அவரோடுதான் இருக்கிறார்.

நோயின் பெயர் தெரிந்த பிறகு தப்பு எதிர்ப்பக்கமாகத் திரும்பிவிடுவதும் உண்டு. நோயாளி நியாயமாகக் கோபப்பட்டாலும் ‘மாத்திரை போட்டீங்களா?’ என்று ஒரு கேள்வி. முன்பு நோயை எல்லாம் மனிதர் கணக்கில் எழுதினார்கள், இப்போது மனிதரை எல்லாம் நோய்க் கணக்கில் எழுதுகிறார்கள். இரண்டாவது இன்னும் கொடுமை என்றே தோன்றுகிறது. திட்டினால் திருப்பித் திட்டவாவது செய்யலாம்.

லெஸ்ஸோடு நோயாளிகள் கூடும் கூட்டம் ஒன்றுக்குப் போனபோதுதான் ஜாய்க்கு விஷயம் பிடிபட்டது. அங்கே இருந்தவர்கள் மேலும் அதே வாடை. பிறகு எடின்பரோ விஞ்ஞானி டிலோ குனாத் 12 பேர் அணிந்த பனியன்களை ஜாயிடம் முகரக் கொடுத்துப் பார்த்தார். ஆறு பேர் நோயாளிகள். ஜாய் ஏழு என்றார். நோயில்லாதவராகச் சேர்க்கப்பட்ட அந்த ஏழாவது மனிதருக்கு எட்டு மாதம் கழித்துப் பார்க்கின்சன் உறுதியானது. லெஸ் 2015இல் காலமானார். இந்த மோப்பத்தை விடாதே, ஆராய்ச்சிக்குக் கொடு என்று மனைவியிடம் வாக்கு வாங்கிக்கொண்டுதான் போனார்.

அடுத்த தடவை டாக்டரிடம் போகும்போது நடுக்கத்தை மட்டும் சொல்லிவிட்டு எழுந்துவிடாதீர்கள். தூக்கத்தில் விழுந்த உதையை, தொலைந்த சிரிப்பை, வங்கிக் கணக்கில் காணாமல்போன பணத்தைச் சொல்லுங்கள். கூடப் போகிறவர் கடைசியாகத் தான் எப்போது முழுசாகத் தூங்கினோம் என்பதையும் சேர்த்துச் சொல்லட்டும்.