கரண்டையிலிருந்து நாரி வரை

நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறினால் காங்கேசன்துறைக்கு ஏறத்தாழ நாலு மணி நேரம். எங்கள் மூங்கில்துறைப்பட்டிலிருந்து பஸ் மாறி மாறி நாகப்பட்டினம் வந்து சேர அதைவிட அதிக நேரம் பிடித்தது. தென்பெண்ணை ஆற்றையும் சர்க்கரை ஆலைப் புகையையும் பார்த்து வளர்ந்தவள் நான். கரையே தெரியாத தண்ணீரை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். கம்பியைப் பிடித்த கையை எடுக்காமல் பாதி வழி நின்றுகொண்டே வந்தேன்.

போனது யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்தில் உள்ள மானிப்பாய்க்கு. அங்கே ஓர் ஆஸ்பத்திரியைப் பார்க்க வேண்டும் என்று பல வருட ஆசை. அதற்குக் காரணம் என் அம்மாவின் கால்.

கரும்புக் கொல்லையில் சோகை வழுக்கி அம்மா விழுந்துவிட்டாள். ஊரைவிட்டுத் தள்ளி ஓர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். நான் சீட்டு வாங்கப் போயிருந்த நேரத்தில், "கரண்டையில குத்துதுங்க" என்று சொல்லியிருக்கிறாள். வெளியூரிலிருந்து வந்த இளம் டாக்டருக்கு அந்தச் சொல் புரியவில்லை. முட்டிக்குப் படம் எடுத்து, ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். கரண்டை என்றால் கணுக்கால்; அந்த எலும்பில் விரிசல் இருந்தது பத்து நாள் கழித்துத்தான் தெரிந்தது. அந்தப் பத்து நாளும் அந்தக் காலை ஊன்றித்தான் அவள் நடந்தாள். பள்ளியில் பிள்ளைகளுக்கு எலும்பு மண்டலம் நடத்துகிறவள் நான். அதை நினைத்தால் இன்றும் மனசு ஆறவில்லை.

மானிப்பாயில் இருப்பது, தமிழிலேயே மருத்துவம் கற்பித்த ஒருவரின் பெயரில் உள்ள கிறீன் ஞாபகார்த்த வைத்தியசாலை. சாமுவேல் பிஸ்க் கிறீன் 1822இல் அமெரிக்காவில் பிறந்தவர். 1847இல், இருபத்தைந்து வயதில், மிஷன் டாக்டராக யாழ்ப்பாணம் வந்தார். முதலில் ஆங்கிலத்தில்தான் மருத்துவம் கற்பித்தார். படித்து முடித்தவர்கள் அரசாங்க உத்தியோகத்துக்குத் தூரதேசம் போய்விட்டார்கள். கிராமத்துக்கு வைத்தியர் இல்லாத நிலை அப்படியே இருந்தது. ஊருக்குப் போய்விட்டு 1862இல் திரும்பி வந்தவர், தமிழிலேயே மருத்துவம் கற்பிப்பது என்று முடிவெடுத்தார். அதற்குப் புத்தகம் வேண்டுமே? தமிழறிந்த தம் மாணவர்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுத உட்கார்ந்தார்.

லண்டனில் கிரே எழுதிய உடற்கூறு நூல் வெளிவந்தது 1858இல். அந்த நூல் கிறீன் முயற்சியில் 1872இல் 'மனுஷ அங்காதிபாதம்' என்று தமிழில் அச்சேறிவிட்டது. பதினாலே வருடம்! உடற்கூறுக்கு அங்காதிபாதம், உடல் இயங்கும் விதத்துக்குச் சுகரணம், அறுவைக்கு இரண வைத்தியம், வேதியியலுக்குக் கெமிஸ்தம். சில சொற்கள் வடமொழி வாடை அடிக்கும். சில இன்று வழக்கில் இல்லை. ஆனால் சொல் இல்லை என்று கிறீன் கைவிரிக்கவில்லை. அதற்காகவே அவரைக் கும்பிடலாம்.

ஆஸ்பத்திரி வெளிப் பெஞ்சில் ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். "இந்தியாவிலையிருந்தோ வாறியள் பிள்ளை?" என்று கேட்டுப் பக்கத்தில் இடம் விட்டார். உடம்புக்கு என்னம்மா என்றேன்.

"நாரி நோகுது. விழுந்ததிலை நாடியும் அடிபட்டுப் போச்சு."

நாடி என்றதும் நான் அவர் மணிக்கட்டைப் பார்த்தேன். அவரோ முகவாயைத் தொட்டுக் காட்டினார். பிறகு இடுப்புக்குப் பின்னால் கையை வைத்து, "இது நாரி" என்றார். எங்கள் ஊரில் குறுக்கு வலி என்போம்; நாரி என்றால் எனக்குப் பெண் என்றுதான் தெரியும். கன்னத்தைச் சொக்கை என்றார். கேட்கக் கேட்க எனக்குப் புல்லரித்தது. அவர் பேத்தி பள்ளியில் படிக்கிற சொற்களோ இன்னும் வேறு. நாம் எலும்பு என்பதை அவர்கள் என்பு என்கிறார்கள். திசு அங்கே இழையம், செல் அங்கே கலம், கணையம் அங்கே சதையி. ஒரே உடம்பு, ஒரே தமிழ், கடலுக்கு அந்தப் பக்கம் இன்னொரு பெயர்.

அன்று இரவு தங்கிய வீட்டில் தூக்கம் வரவில்லை. எங்கள் ஊர்ச் சொற்களை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தேன். கரும்புக்கும் மூங்கிலுக்கும் கணு உண்டு. அதே கணுதான் கணுக்காலில், விரற்கணுவில். ஆற்றில் பிடிக்கிற கெண்டையின் பெயர்தான் கெண்டைக்காலில். சில்லுக்கோடு விளையாடும் சில்லு முழங்காலுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறது. அந்தக் காலத்தில் கழுத்தில் அணிந்த காறை, தோளுக்கும் நெஞ்செலும்புக்கும் நடுவே காறை எலும்பாக இருக்கிறது.

பெரிய படிப்பு என்று நாம் பயப்படும் லத்தீன் சொற்களும் இப்படிப் பிறந்தவைதான். காறை எலும்பைக் குறிக்கும் கிளாவிக்கிள் என்றால் சின்னச் சாவி. கால் எலும்பான டிபியா என்றால் புல்லாங்குழல். முழங்கால் சில்லான பட்டெல்லா என்றால் சின்னத் தட்டு. தசையைக் குறிக்கும் மசில் என்றால் சுண்டெலி. அவர்கள் தோலுக்கடியில் எலி ஓடுவதைப் பார்த்தார்கள். நாம் மீன் துள்ளுவதைப் பார்த்தோம்.

உறுப்பின் பெயர் மட்டும் போதாது, எந்தப் பக்கம் என்றும் சொல்ல வேண்டும். உடற்கூற்றின் முதல் பாடமே உடம்பு நிற்கும் நிலை. நேராக நின்று, கால் சேர்த்து, உள்ளங்கை முன்னே தெரியக் கையைத் தொங்கவிட வேண்டும். முன், பின், உள்பக்கம், வெளிப்பக்கம் எல்லாம் அந்த நிலையை வைத்துத்தான். வலது என்றால் நோயாளியின் வலது, பார்ப்பவரின் வலது இல்லை. உள்ளங்கைக்கு என்ன அவசியம் என்று பிள்ளைகள் கேட்பார்கள். புறங்கை முன்னே வரும்படி திருப்பினால் முன்கையின் இரண்டு எலும்புகளில் ஒன்று மற்றதன்மேல் குறுக்கே ஏறிவிடும். எது உள், எது வெளி என்று குழம்பிவிடும். உங்கள் முன்கையைப் பிடித்துக்கொண்டு திருப்பிப் பாருங்கள், எலும்பு புரள்வது விரலுக்குத் தெரியும். படுத்த நிலைக்கும் நம்மிடம் சொல்லுக்குக் குறையில்லை: மல்லாக்க, குப்புற, ஒருக்களித்து. எங்கள் ஊர்க் குழந்தை மூன்று வயதில் பேசும் சொற்கள் இவை.

கிறீன் 1873இல் நாடு திரும்பினார், 1884இல் இறந்தார். அறுபதுக்கும் மேற்பட்டவர்களை வைத்தியராக்கிவிட்டுப் போனவர். தமிழருக்கு மருத்துவ ஊழியம் செய்தவர் என்று அமெரிக்காவில் அவர் கல்லறையில் பொறித்திருக்கிறது.

எங்கள் மாவட்டத்தில் சிறுவங்கூரில் 2022இலிருந்து அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்கே முதலாண்டில் உடற்கூறு படிக்கும் பிள்ளைகளிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். சங்கராபுரத்திலிருந்தும் கல்வராயன் மலையிலிருந்தும் வரும் பாட்டிகளை, வலிக்கும் இடத்தை விரலால் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். அவர்கள் அதற்குச் சொல்லும் பெயரை உங்கள் நோட்டில் லத்தீன் சொல்லுக்குப் பக்கத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். முதல் சொல்லாகக் கரண்டையை எழுதுங்கள்.