மேட்டில் நின்ற ஜோடி

டர்பன்டைனும் மல்லிகையும் ஒரே அறையில் சேர்ந்தால் என்ன வாசனை வரும் என்று உன்னையும் என்னையும் கேட்டால் சொல்வோம். ஞாயிற்றுக்கிழமை காலையில் மல்லேஸ்வரம் எட்டாவது கிராஸில் வீட்டுக்கு ஒரு முழம் பூ வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, ஜன்னல்மேல் மங்கி டாப் என்ற மர முகப்பு வைத்த அந்தப் பழைய பங்களாவுக்கு, மேஷ்ட்ருவின் ஓவிய வகுப்புக்குப் போவோம். முன்கூடத்தில் சிவப்பு ஆக்சைடு தரை. ஜன்னல் திட்டில் ஆளிவிதை எண்ணெய்க் குப்பி வெயில் காய்கிறது. உள்ளே மேஷ்ட்ரு வீட்டம்மா காப்பி இறக்குகிறார்.

பார்த்து வரைய மேஷ்ட்ரு நமக்குக் கொடுத்தது மோனேயின் பாப்பி வயல். 1873-ல் வரைந்தது, மறு வருஷம் பாரிஸில் இம்ப்ரஷனிஸ்டுகளின் முதல் கண்காட்சியில் வைத்தது. நம் கைக்கு வந்ததோ பழைய புத்தகத்தின் ஒரு தாள், மேல் மூலை மடிந்து வெளுத்திருந்தது. அதில் பென்சிலால் கட்டம் போட்டு, கான்வாஸில் கட்டத்தைப் பெரிதாக்கினோம். ‘கப்பு ட்யூப் ஒளகே இடு’ என்பார். கறுப்பைத் தொடவே விடமாட்டார். நிழலென்றால் அல்ட்ராமரின் நீலம், துளி கிரிம்சன். முதல் பூச்சு டர்பன்டைனில் நீர்க்க, மேலே போகப்போக எண்ணெய் கூட. மாற்றிப் பூசினால் பின்னால் வெடித்துவிடும்.

பாப்பியை நாம் எங்கே பார்த்தோம்? அதன் சொந்தக்காரச் செடியின் கசகசாவைத்தான் தெரியும். வீட்டம்மா தம்ளரில் ஊற்றித் தரும் கசகசெ பாயசம், ஏலக்காய் தூக்கலாக!

படத்தின் முன்னால் குடையோடு ஒரு பெண், பக்கத்தில் பிள்ளை. தூரத்து மேட்டில் இன்னொரு ஜோடி. கிட்டப் போய்ப் பார்த்தால் முகமே கிடையாது. தோல் நிறத்தில் ஒரு தீற்றல், மேலே வைக்கோல் தொப்பி, அவ்வளவுதான். கண் மூக்கு எழுதப் போன உன் மெல்லிய பிரஷ்ஷை மேஷ்ட்ரு வாங்கி வைத்துக்கொண்டு, பன்றிமயிர்த் தட்டை பிரஷ்ஷைக் கொடுத்தார். ஒரே அழுத்து. பின்னால் சுவர் வரை போய்ப் பார்க்கிறோம். அவள் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நடக்கிறாள்!

அதற்கப்புறம் மல்லேஸ்வரமே வேறாகிவிட்டது. காடு மல்லேஸ்வரர் கோயில் படியிறங்கும் பாட்டி, மார்கோசா ரோடு மர நிழலில் சைக்கிள் மிதிக்கிறவர், எல்லாரும் வெயிலில் நகரும் தீற்றல்கள். ருமாலே சென்னபசவையாவைப் பற்றி மேஷ்ட்ரு ஓயாமல் சொல்வார். விடுதலைப் போராட்டத்தில் இருந்தவர், இந்த ஊரின் பூமரங்களை நேரில் பார்த்துப் பார்த்து வரைந்தவர், 1988-ல் மறைந்தார். அவருடைய மரங்களைப் பார்த்த பிறகு மோனேயின் சிவப்பு எனக்கு அந்நியமாகத் தெரியவில்லை. சித்திரையில் நம் தெருவே அந்தச் சிவப்புதானே, குல்மொஹர் உதிர்ந்து.

வகுப்பு முடிந்தால் நியூ கிருஷ்ண பவன். கையை எவ்வளவு தேய்த்தாலும் நகக்கண்ணில் நீலம் நிற்கும்; அந்தக் கையாலேயே இட்லி. அதை 2018-ல் மூடிவிட்டார்கள். பங்களா இருந்த மனையில் இப்போது அடுக்குமாடி, கீழே கார்கள். வாட்ச்மேனிடம் இங்கே ஒரு செண்பக மரம் நின்றதே என்றேன். அவர் வேறு ஊர்க்காரர்.

என் கான்வாஸ் பத்திரமாக இருக்கிறது. மடிந்த மூலையில் அந்த மேட்டு ஜோடி சரியாகத் தெரியவில்லை அல்லவா? நான் அந்தப் பெண்ணுக்கு அம்மாவின் மாம்பழக் கலர் புடவையைக் கட்டிவிட்டேன். மேஷ்ட்ரு ஒன்றும் சொல்லாமல் புடவை ஓரத்தில் கொஞ்சம் ஊதா வைத்துக் கொடுத்தார். மஞ்சள் அப்படியே எரிந்தது. நீ உன் ஜோடிக்கு என்ன உடுத்திவிட்டாய்?