லிந்துலைக்குப் போய் வந்தோம்



பயணம் என்றால் நம்மில் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது இடப்பெயர்வுதான். எப்போது புறப்படுவது, எந்தப் பாதையால் போவது, எங்கே படுப்பது என்பதை அந்த நாட்களில் நாம் தீர்மானிக்கவில்லை. ஷெல் சத்தம்தான் தீர்மானித்தது. 2009இல் கிளிநொச்சியிலிருந்து முள்ளிவாய்க்கால் வரை நடந்து, பின்னர் செட்டிகுளம் முகாமுக்கு பஸ்ஸில் ஏற்றப்பட்டவள் நான். சும்மா ஊர் பார்க்கப் போகலாம் என்ற எண்ணமே அதன்பின் எனக்கு வந்ததில்லை.

எங்கள் மாதர் குழுவில் ஒரு தங்கச்சிதான் பேச்சைத் தொடக்கினாள். "கந்தோர், ஆஸ்பத்திரி எண்டுதான் வெளியில போறம். ஒருக்கா ஆறுதலா எங்கையாவது போய் வருவமே" என்றாள். எங்கே என்று கேட்டபோது, லிந்துலை என்றேன். காரணம் அம்மா.

அம்மா பிறந்தது லிந்துலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் லயத்தில். கொழுந்தெடுத்து வளர்ந்தவர். 1977 ஆகஸ்ட் வன்செயலில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு, தாய் தகப்பனோடு வன்னிக்கு வந்தார். 1977, 1983 வன்செயல்களின் பின் இப்படி மலையகத்திலிருந்து வந்து வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பகுதிகளில் காடு வெட்டிக் குடியேறிய குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் உண்டு.

அம்மாவிடம் சொன்னபோது, "என்னாத்துக்குப் புள்ள? அங்க இப்ப யாரு இருக்கா?" என்றார். மறுநாள் காலையில் அவரே வந்து, "அந்தப் பீலியில இன்னும் தண்ணி வருதான்னு மட்டும் பார்க்கணும்" என்றார்.

பன்னிரண்டு பேர் சேர்ந்தோம். ஆளுக்கு மாதம் 1,500 ரூபா வீதம் ஒரு வருடம் சேர்த்ததில் வான் வாடகைக்கும் மூன்று இரவுத் தங்கலுக்கும் பணம் வந்தது. எப்போது போவது என்பதில்தான் நீண்ட பேச்சு. ஏப்ரலில் நுவரெலியாவில் வசந்தகாலக் கொண்டாட்டம். சனமும் அதிகம், அறை வாடகையும் அதிகம். மே மாதக் கடைசியில் தென்மேல் பருவமழை தொடங்கினால் ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் விடாமல் பெய்யும். நமக்கோ மாசியில் அறுவடை. ஆகவே அறுவடை முடிந்த கையோடு, 2024 மார்ச் முதல் வாரத்தைத் தெரிந்தெடுத்தோம்.

சில ஒழுங்குகளையும் எழுதிவைத்தோம். இருட்டில் மலைப்பாதையில் ஓடுவதில்லை. இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை வானை நிறுத்துவது. எங்களில் ஒரு அக்காவுக்குச் செயற்கைக் கால்; நீண்ட நேரம் மடக்கி இருந்தால் தொடை புண்ணாகிவிடும். சுத்தமான கழிப்பறை உள்ள இடங்களைச் சாரதித் தம்பியிடம் முன்கூட்டியே கேட்டுக் குறித்துக்கொண்டோம். பெண்கள் தனியாகப் போகும் பயணத்தில் இது சின்ன விஷயமல்ல.

புறப்படும் அன்று விடியற்காலையில் பக்கத்து வீட்டு அக்கா ஒரு பையை நெஞ்சோடு அணைத்தபடி வந்தார். காணி உறுதி, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்கள், கணவரின் மரணச் சான்றிதழ், காணாமற்போன மகனின் படம். "நாலு நாளில வந்திடுவம் அக்கா" என்றேன். "தெரியும் பிள்ளை. வைச்சிட்டு வர மனம் கேக்கேல்லை" என்றார். யாரும் சிரிக்கவில்லை. என் பையிலும் அடையாள அட்டைப் பிரதிகள் மூன்று இருந்தன.

ஏ-9 வீதியால் வவுனியா, தம்புள்ளை கடந்து மாத்தளைக்கு வந்து, முத்துமாரியம்மன் கோயிலில் கும்பிட்டுவிட்டு இளைப்பாறினோம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்காகத் தென்னிந்தியாவிலிருந்து வந்தவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளைக்கு நடந்தார்கள். பசியாலும் வாந்திபேதியாலும் வழியில் இறந்தவர்கள் ஏராளம். அந்த வருகையின் 200 ஆண்டு நினைவாக 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் மீண்டும் நடந்தார்கள். இதைச் சொன்னபோது அம்மா சிரித்தார். "எங்க பாட்டன் பூட்டன் நடந்து ஏறுனாங்க. நான் லொறியில எறங்கி ஓடுனேன். இப்பதான் வேன்ல குந்திக்கிட்டுப் போறேன்."

கண்டியில் இரவு தங்கி, மறுநாள் கம்பளை, புசல்லாவை வழியாக ஏறினோம். 109 மீற்றர் உயரமான றம்பொடை நீர்வீழ்ச்சியைப் பார்த்தபடி தேத்தண்ணி குடித்தோம். நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. பிற்பகலிலேயே குளிர் பிடித்துவிட்டது. 1873இல் வெட்டப்பட்ட கிரகரி வாவிக் கரையில் அவித்த சோளம் சாப்பிட்டுக்கொண்டு இரண்டு மணித்தியாலம் இருந்தோம். வேறொன்றும் செய்யவில்லை. அப்படி இருந்து எத்தனை வருடமாயிற்று என்று ஒருத்தி கேட்டாள்.

மூன்றாம் நாள் லிந்துலை. நானுஓயாவில் ஒரு குறுக்குப் பாதை உண்டு. 2023 ஜனவரியில் அந்த ரதல்லைப் பாதையில் நடந்த விபத்தில் ஏழு உயிர்கள் போயின. "நேரம் போனாப் போகட்டும் அம்மா" என்று தம்பி பிரதான வீதியாலேயே இறக்கினார். வளைவுக்கு வளைவு தேயிலைப் பச்சை. அம்மா பேசாமல் கண்ணாடியோடு முகத்தை வைத்துக்கொண்டிருந்தார்.

அம்மாவின் லயம் அங்கே இல்லை. அந்த இடத்தில் மரக்கறிப் பாத்திகள். தோட்டத் தலைவரிடம் சொல்லிவிட்டு, கொழுந்து நிறுத்துவிட்டு வந்த பெண்களோடு பேசினோம். நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து இருந்தால்தான் ஒரு கிலோ தூள் வருமாம். நாட்சம்பளம் 1,000 ரூபாவாவதற்கு 2021 வரை போராட வேண்டியிருந்தது என்றார்கள். எங்கள் கதையைக் கேட்டார்கள். பேச்சு காணிக்கு வந்தபோது ஒரு தாய், "எரநூறு வருசமாச்சு. நாங்க இருக்கிற காம்பராவுக்கு ஒரு துண்டுக் கடுதாசி கெடையாது" என்றார். சில தோட்டங்களில் ஏழு பேர்ச் காணியில் தனிவீடுகள் கட்டப்பட்டிருந்தாலும், பலர் இன்னும் லயத்தில்தான்.

பக்கத்து வீட்டு அக்கா பையைத் திறந்து காணி உறுதியை எடுத்துக் காட்டினார். அந்தத் தாய் கையைச் சேலையில் துடைத்துவிட்டு, கடுதாசியை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார். "பத்திரமா வச்சுக்கோங்க" என்று திருப்பிக் கொடுத்தார். எங்களைவிட இழந்தவர்கள் இல்லை என்று நினைத்திருந்த எனக்கு, அதற்குப் பிறகு பேச வாய் வரவில்லை.

பீலி இருந்தது. மூங்கிலுக்குப் பதில் பிளாஸ்டிக் குழாய். தண்ணீர் அதே மலைத் தண்ணீர். அம்மா முகம் கழுவி, இரண்டு கை அள்ளிக் குடித்தார். "அப்ப மாதிரியே சில்லுன்னு இருக்கு" என்று சொல்லிவிட்டுக் கல்லில் உட்கார்ந்தார். அரை மணித்தியாலம் இருந்திருப்பார். யாரும் அவரை அவசரப்படுத்தவில்லை.

பிற்பகல் தலவாக்கலையில் சென்கிளயர் நீர்வீழ்ச்சியைப் பார்க்க இறங்கினோம். 2012இல் மேல் கொத்மலை மின்திட்டம் இயங்கத் தொடங்கியபின் தண்ணீர் முன்போல் இல்லை என்றார் அம்மா. படம் எடுக்கும்போதுதான் கவனித்தேன், அக்காவின் கை வெறுமையாக இருந்தது. "பை எங்க அக்கா?" "வானுக்குள்ள கிடக்கு. தம்பி நிக்கிறார்தானே" என்றார். மூன்று நாளில் முதல்முறை அவர் அந்தப் பையை இறக்கிவைத்தார்.

ஹட்டனில் தங்கி, கினிகத்தேனை, நாவலப்பிட்டி வழியாக வீடு திரும்பினோம்.

சகோதரிகளே, நீங்களும் போக நினைத்தால் ஒன்றைக் கவனியுங்கள். 2025 நவம்பரில் வந்த டித்வா புயலின் மண்சரிவுகளால் மலையகத்தில் வீடுகளும் வீதிகளும் பெரும் சேதமடைந்தன. புறப்படுமுன் பாதை நிலவரத்தைக் கேட்டறியுங்கள். மழை எச்சரிக்கை இருந்தால் நாளைத் தள்ளிப்போடுங்கள். தேயிலைத் தூளை அங்குள்ள கடையிலேயே வாங்குங்கள். தோட்டத்துப் பெண்களைக் கண்டால் படம் மட்டும் எடுத்துக்கொண்டு வராமல், கொஞ்ச நேரம் இருந்து பேசிவிட்டு வாருங்கள்.

எங்கள் குழு அடுத்த சீட்டைத் தொடங்கிவிட்டது. இந்த முறை எங்கே போவது என்று அம்மாதான் சொல்வதாக இருக்கிறார்.