விரால் கடிக்கிறதுக்கு முன்னாடி

திருவையாறுன்னு சொன்னதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? தியாகராஜர் ஆராதனை, ஐயாறப்பர் கோவில், அப்புறம் அசோகா. ஹாஸ்டலில் நான் ஊர்ப் பேரைச் சொன்னதும் "அசோகா எங்கடா?" என்று கையை நீட்டாத ஆளே கிடையாது. ஆனால் எங்க ஊர்ப் பசங்களுக்கு இந்த மூன்றோடு நாலாவதாக ஒன்று ஞாபகம் வரும். விரால்.

மேட்டூரில் தண்ணீர் திறந்து, கல்லணை தாண்டி வந்து, வாய்க்கால் வழியாகக் குளம் குட்டையெல்லாம் நிரம்பியதும் எங்களுக்குக் கை அரிக்க ஆரம்பித்துவிடும். தீபாவளி லீவுக்கு ஊருக்கு வந்தால் ஒரு நாள் தூண்டில் போட்டி கட்டாயம். கோப்பை, மெடல் எதுவும் கிடையாது. காலை 5:30 மணியிலிருந்து 9 மணி வரை நேரம். ஆளுக்கு அதிகபட்சம் மூன்று விரால்தான் கணக்கு. அரை கிலோவுக்குக் கீழே இருந்தால் திரும்பத் தண்ணீரில் விட்டுவிட வேண்டும். மொத்த எடை யாருக்குக் குறைவோ அவர் எல்லாருக்கும் அசோகா வாங்கித் தர வேண்டும். அவ்வளவுதான்.

மீன் பிடிப்பது எப்படி என்று சொல்லித்தர இதை எழுதவில்லை. அதற்கு யூடியூப் இருக்கிறது. போட்டிக்குப் போகிறவன் மனசை எப்படித் தயார் பண்ணணும் என்பதுதான் விஷயம். செமஸ்டர், பிளேஸ்மென்ட் என்று வரிசையாக நிற்கிற நமக்கு இது கொஞ்சம் உதவும்னு நினைக்கிறேன்.

முதலில் கொஞ்சம் வெளிநாடு போய்ட்டு வருவோம். அமெரிக்காவில் பாஸ் என்று ஒரு மீன் இருக்கிறது. பரீட்சையில் வர்ற பாஸ் இல்லை, அது நமக்கு அபூர்வம்! இந்த மீன் நம்ம விரால் மாதிரியே செடிகொடி மறைவில் பதுங்கி இருந்து, இரை பக்கத்தில் வந்ததும் பாய்கிற ஜாதி. ரே ஸ்காட் என்பவர் 1967-ல் ஆர்கன்சாஸ் மாநிலத்து பீவர் ஏரியில் இதற்கு ஒரு பெரிய போட்டி நடத்தினார். அடுத்த வருஷம் அதற்கென்று ஒரு சங்கமே ஆரம்பித்தார். 1971-ல் நடந்த முதல் 'பாஸ்மாஸ்டர் கிளாசிக்' போட்டிதான் எனக்கு ரொம்பப் பிடித்த கதை. எந்த ஏரியில் போட்டி என்று வீரர்களிடம் சொல்லவே இல்லை. எல்லாரையும் விமானத்தில் ஏற்றி, நடுவானில் வைத்துத்தான் நெவாடாவில் இருக்கும் மீட் ஏரி என்று சொன்னார்கள். யோசித்துப் பாருங்க, ஹாலுக்குள் உட்கார்ந்த பிறகு "இன்னிக்கு எந்த சப்ஜெக்ட்" என்று சொன்னால் எப்படி இருக்கும்!

அந்தக் கிளாசிக்கை நாலு தடவை ஜெயித்தவர் ரிக் கிளன். 1976, 1977, 1984, 1990. இவர் அதற்கு முன்னாடி எக்சான் நிறுவனத்தில் கம்ப்யூட்டர் புரோகிராமராக இருந்தவர். (ஐ.டி. டிபார்ட்மென்ட் மக்களே, நம்பிக்கை வையுங்க.) போட்டியில் மனசுக்கு இருக்கிற பங்கைப் பற்றி நிறையப் பேசியவர். 2019-ல் ஃபுளோரிடாவில் ஒரு பெரிய போட்டியை ஜெயித்தபோது அவருக்கு வயசு 72. அந்த வயசில் கை வேகத்தில் இருபது வயசுப் பையனோடு போட்டி போட முடியாது. வேறு ஏதோ ஒன்று அவரிடம் இருந்திருக்கணும்.

அந்த "வேறு ஏதோ ஒன்று" என்ன என்பதை எனக்குச் சொன்னது எந்தப் புத்தகமும் இல்லை, என் மாமா. விவசாயி. ரீல் கழி எல்லாம் இப்போதான் வாங்கினார். அதுவரை மூங்கில் கழி, தக்கை, மண்புழுதான். போட்டிக்கு முந்தின ராத்திரி திண்ணையில் நாங்கள் முள் கட்டிக்கொண்டு இருந்தபோது கேட்டார்.

"மாப்ள, நாளைக்கு மீன் கடிச்சா என்ன பண்ணுவ?"

"இழுப்பேன் மாமா."

"கடிக்கலன்னா?"

"காத்திருப்பேன்."

"எவ்வளவு நேரம்?"

என்னிடம் பதில் இல்லை. "இதையெல்லாம் இப்பவே முடிவு பண்ணிக்க. கரையில நிக்கிறப்ப புத்தி வேலை செய்யாது, கைதான் வேலை செய்யும்" என்றார்.

விராலைத் தெரிந்தவர்களுக்கு இது புரியும். விராலுக்குத் தண்ணீரில் இருக்கிற காற்று மட்டும் போதாது. அடிக்கடி மேலே வந்து ஒரு வாய் காற்று குடித்துவிட்டுப் போகும். 'ப்ளக்' என்று ஒரு சத்தம், ஒரு வட்டம், அவ்வளவுதான். அந்தச் சத்தம் கேட்டதும் நெஞ்சு அடிக்க ஆரம்பிக்கும். வெங்காயத் தாமரை ஓரமாக ரப்பர் தவளையைப் போட்டு மெல்லத் தத்த விடுவோம். விரால் அடித்தால் தண்ணீர் வெடிக்கிற மாதிரி இருக்கும். அந்த வெடியைப் பார்த்ததும் இழுக்கத்தான் எல்லார் கையும் போகும். இழுத்தால் தவளை மட்டும் பறந்து வந்து நம் மூஞ்சியில் விழும். ஏனென்றால் அந்தத் தவளையில் முள் இரண்டும் உடம்போடு ஒட்டி இருக்கும். மீன் அதை வாயில் வைத்து அமுக்கித் திரும்பினால்தான் முள் வெளியே வந்து ஏறும். அதற்கு ஒன்று, இரண்டு என்று எண்ணுகிற நேரமாவது கொடுக்கணும். எண்ணுவது சுலபம்தான். ஆனால் அந்த நேரத்தில் "எண்ணணும்" என்று ஞாபகம் வருவது சுலபம் இல்லை.

பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் 1999-ல் இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார். "நல்லாப் பண்ணுவேன்" என்று பொதுவாக உறுதி எடுப்பதைவிட, "இப்படி நடந்தால் இதைச் செய்வேன்" என்று முன்கூட்டியே இணைத்து வைப்பவர்கள் நினைத்ததைச் செய்து முடிப்பது அதிகம் என்பதுதான் சாரம். நம்ம பாஷையில் சொன்னால் இஃப்-எல்ஸ். கோடு ஓடும்போது உட்கார்ந்து கோடு எழுத முடியாது இல்லையா? அதேதான்.

அன்று ராத்திரி நாங்கள் நாலு பேரும் மாமாவோடு சேர்ந்து பேசி வைத்தது இது. ஒரு இடத்தில் 20 நிமிஷம் எந்த அசைவும் இல்லை என்றால் இடம் மாறணும். அதற்கு முன்னாடி பக்கத்தில் இருக்கிறவன் எத்தனை பிடித்தாலும் மாறக் கூடாது. மீன் அடித்தால் இரண்டு எண்ணித்தான் இழுக்கணும். மீன் கழன்று போனால் உடனே வீசக் கூடாது. முள்ளையும் நரம்பையும் விரலால் தடவிப் பார்த்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் அடுத்த வீச்சு.

நாலாவது மாமா சொன்னது: "குஞ்சுக் கூட்டம் பார்த்தா தூண்டில சுருட்டிடணும்."

விரால் குஞ்சுகள் செக்கச்செவேல் என்று பந்து மாதிரி கூட்டமாக மேலே வரும். தூரத்தில் இருந்து பார்த்தால் அந்த இடத்தில் மட்டும் தண்ணீர் கொதிக்கிற மாதிரி தெரியும். அடியில் தாயும் தகப்பனும் காவலுக்கு நிற்கும். பக்கத்தில் எது வந்தாலும் பாய்ந்து அடிக்கும். பசிக்காக இல்லை, குஞ்சுக்காக. அதனால் அங்கே தவளையைப் போட்டால் மீன் நிச்சயம். பெரிய மீன் போய்விட்டால் குஞ்சுகளை மற்ற மீன்கள் சீக்கிரம் தின்று தீர்த்துவிடும். அமெரிக்க பாஸ் மீனிலும் ஆண் மீன் கூட்டையும் குஞ்சையும் காக்கும். அந்த நேரத்தில் அதைப் பிடிக்கலாமா என்று அங்கேயும் பெரிய விவாதம் உண்டு. கனடாவின் ஒன்டாரியோவில் பல பகுதிகளில் முட்டையிடும் காலத்தில் பாஸ் பிடிக்கத் தடையே இருக்கிறது.

மறுநாள் 8:40 மணி. மெக்கானிக்கல் நண்பன் மூன்று மீன் பிடித்து, 2 கிலோ 300 கிராமோடு கால் நீட்டி உட்கார்ந்துவிட்டான். எலெக்ட்ரிக்கல்காரனிடம் மூன்று மீனும் சேர்த்து 2 கிலோ. எனக்கு இரண்டு மீன், 1 கிலோ 800. சிவில் நண்பனுக்கும் இரண்டு மீன்தான், 1 கிலோ 700. இன்னும் ஒரே ஒரு மீன், 600 கிராமுக்கு மேலே கிடைத்தால் அவன்தான் முதல். கிடைக்காவிட்டால் கடைசி. அப்போதுதான் அவனுக்கு நேர் எதிரே, பத்தடி தூரத்தில், தண்ணீர் சிவப்பாகக் கொதித்தது. காவலுக்கு நிற்கிற மீனின் முதுகு ஒரு தடவை தெரிந்து மறைந்தது. நிச்சயம் ஒரு கிலோவுக்கு மேல்.

எனக்குத்தான் மூச்சு நின்றது. அவன் தூண்டிலைச் சுருட்டினான். இருபது தப்படி தள்ளிப் போய் வேறு இடத்தில் வீசினான். அங்கே ஒன்றும் கடிக்கவில்லை. 9 மணி ஆனது. கடைசி.

திரும்பி நடக்கும்போது கேட்டேன், "கஷ்டமா இல்லையாடா?"

"நேத்து ராத்திரியே கஷ்டப்பட்டு முடிச்சுட்டேன்டா. இன்னிக்குப் புதுசா யோசிச்சிருந்தா கண்டிப்பா போட்டிருப்பேன்" என்றான்.

அவன் சொன்னதில் இரண்டாவது வரியைக் கொஞ்சம் கவனியுங்க. அவன் தன்னைப் பெரிய நல்லவனாக நினைத்துக்கொள்ளவில்லை. கரையில் நிற்கிற தன்னை நம்பாமல், திண்ணையில் உட்கார்ந்திருந்த தன்னை நம்பினான். முக்கால்வாசி அசோகாவையும் அவனே தின்றான் என்பது தனிக் கதை!

மனசைத் தயார் பண்றது என்றதும் கண்ணை மூடி மூச்சை இழுத்து விடுவது, தன்னம்பிக்கை வீடியோ பார்ப்பது என்றுதான் நாம் நினைக்கிறோம். அதுவும் இருக்கட்டும், தப்பில்லை. ஆனால் ஆன்லைன் டெஸ்ட்டில் முதல் கேள்வியே புரியவில்லை என்றால் எத்தனை நிமிஷத்தில் அடுத்ததுக்குப் போவீங்க? இன்டர்வியூவில் தெரியாத கேள்வி வந்தால் முதல் வார்த்தை என்ன சொல்வீங்க? பக்கத்து ரூம் ஆளுக்கு ஆஃபர் வந்த அன்றைக்கு ராத்திரி என்ன செய்வீங்க? டெஸ்ட் நடந்துகொண்டு இருக்கும்போதே வாட்ஸ்அப் குரூப்பில் விடை வந்து விழுந்தால்? கடைசிக் கேள்விதான் குஞ்சுக் கூட்டம். அங்கே மீன் நிச்சயம் என்பதால்தான் அதற்கு முன்கூட்டியே ஒரு முடிவு வேண்டும்.

அடுத்த கம்பெனி வர்றதுக்கு முந்தின ராத்திரி ஒரு பேப்பரில் நாலே நாலு வரி எழுதி வையுங்க. "இப்படி நடந்தால், இப்படிச் செய்வேன்." மறுநாள் வேலை கிடைக்குமா என்று என்னால் உத்தரவாதம் தர முடியாது. சிவில் நண்பனுக்கே மீன் கிடைக்கவில்லை. ஆனால் அன்றைக்கு மத்தியானம் நிம்மதியாகத் தூங்கியவன் அவன்தான்.